நன்னிலத்தில் ஓடப்போகும் காருக்குக் காரைக்காலில் பதிவெண் வாங்கலாமா?

முடிகொண்டான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் நன்னிலம் வட்டத்தில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். அப்பாவை மாதம் இருமுறை தஞ்சாவூர் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றுவர வேண்டியிருக்கிறது. இதுவரை வாடகைக் காருக்குக் கொடுத்த பணத்தை ஒரு நாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்த பிறகு, சொந்தமாக ஒரு கார் வாங்கிவிடுவது என்று வீட்டில் முடிவு செய்தோம். எங்களுக்குப் பிடித்த வண்டியின் ஷோரூம் விலை 11 லட்சத்து 40 ஆயிரம். கொட்டேஷனை வாங்கிப் பார்த்தபோது, ஒரேமுறை கட்ட வேண்டிய ஆயுள் வரிக்கு மட்டும் 2,05,200 ரூபாய் என்று அச்சாகியிருந்தது. அதைப் பார்த்ததும் அப்பா, “இந்தப் பணத்துக்கு ஒரு ஜோடி மாடும் ஒரு பழைய பவர் டில்லரும் வாங்கலாமே” என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

ஷோரூமுக்கு வெளியே தேநீர்க் கடையில் அறிமுகமான ஓர் இடைத்தரகர் வேறு வழி சொல்கிறார். என் மனைவியின் சித்தப்பா திருநள்ளாற்றில் இருக்கிறார். பேரளம், அம்பகரத்தூர் என்று போனால் ஒரு மணி நேரத்தில் அவர் வீட்டு வாசலில் நிற்கலாம். அவர் வீட்டு மாடியில் நான் குடியிருப்பதாக ஒரு வாடகை ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் காரைக்காலில் பதிவு செய்து பி.ஒய். 02 என்ற புதுச்சேரி எண் வாங்கிவிடலாம் என்றும், அங்கே வரி குறைவாக இருப்பதால் லட்சத்துக்கு மேல் கையில் நிற்கும் என்றும் அவர் சொல்கிறார். வேறு மாநில வண்டி பன்னிரண்டு மாதம் வரை இங்கே ஓடலாம் என்று சட்டமே சொல்வதால், ஆண்டுக்கொரு முறை காரைக்காலுக்குப் போய்ப் பெட்ரோல் போட்டு ரசீதை வண்டியில் வைத்துக்கொண்டால் யாரும் ஒன்றும் கேட்க முடியாது என்பது அவருடைய வாதம்.

இது உண்மையிலேயே சட்டத்துக்கு உட்பட்டதா என்பதும், பிடிபட்டால் அபராதத்தோடு முடிந்துவிடுமா என்பதும் எனக்குத் தெரிய வேண்டும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊருக்கு வரும் வாய்க்கால் கரைச் சாலை, நடவுக் காலத்தில் கேஜ் வீலோடு (சேற்று உழவுக்கான இரும்புச் சக்கரம்) டிராக்டர்களை ஓட்டி ஓட்டித் தாரெல்லாம் உழுத வயல்போலக் கிடக்கிறது. இந்தச் சாலையில் ஓட்டுவதற்கா இரண்டு லட்சம் என்ற எண்ணம் எனக்கும் வருகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய கோப்பு எழுதியது:

தம்பி, போக்குவரத்துத் துறையில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றவன் நான். நீங்கள் கேட்டிருப்பதை என் மேசைக்கு முன்னால் நின்று கேட்டவர்கள் பலர். நேரில் கேட்பவர்களிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னதை இங்கே விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றப்பட்ட விகிதப்படி, காரின் விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம் ஆயுள் வரி. முன்பு 10 லட்சம் வரை 10, அதற்கு மேல் 15 என்று இரண்டே படிகள்தாம் இருந்தன. உங்களுக்கு வந்திருக்கும் 2,05,200 என்பது 11,40,000-க்கு 18 சதவீதம். ஷோரூம்காரர்கள் தப்பாகப் போடவில்லை. இதில் பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு. வருமான வரியைப் போல எல்லைக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்பது இங்கே கிடையாது. எல்லையைத் தாண்டினால் முழு விலைக்கும் அந்த விகிதம்தான். ஆகவே 9,99,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,29,870 என்றால், வெறும் 2,000 ரூபாய் கூடுதலாக 10,01,000 விலையுள்ள வண்டிக்கு 1,80,180. இரண்டாயிரத்துக்காக ஐம்பதாயிரத்துக்கு மேல் போய்விடுகிறது. வரியைக் குறைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் காரைக்காலைப் பார்ப்பதற்கு முன் அதே வண்டியின் கீழ்வகை மாடலின் விலையைப் பார்க்கலாம். அதை யாரும் ஏய்ப்பு என்று சொல்ல மாட்டார்கள்.

இனி, இடைத்தரகர் சொன்ன பன்னிரண்டு மாதக் கதை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவில் அந்தக் காலவரம்பு இருப்பது உண்மைதான். ஒரு மாநிலத்தில் முறையாகப் பதிவான வண்டி, வேறொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைக்கப்பட்டால், அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ஆனால் அதற்கு முன்னால் 40-ஆம் பிரிவு இருக்கிறதே, அதை அவர் ஏன் சொல்லவில்லை? வண்டியின் உரிமையாளர் எங்கே வசிக்கிறாரோ அல்லது தொழில் செய்கிறாரோ, வண்டி வழக்கமாக எங்கே நிறுத்தப்படுமோ, அந்த மாநிலத்தின் பதிவு அதிகாரியிடம்தான் பதிவு செய்ய வேண்டும் என்பது அந்தப் பிரிவு. புதுச்சேரியில் உண்மையாகவே வசித்தவர் மாற்றலாகி இங்கே வந்தால் அவருக்கு 47-ஆம் பிரிவு பொருந்தும். நன்னிலத்தில் பிறந்து, நன்னிலத்திலேயே வண்டியை நிறுத்தப்போகிறவருக்குப் பதிவின் அடித்தளமே பொய்யாகிவிடும்போது, பன்னிரண்டு மாதம் எங்கிருந்து எண்ணத் தொடங்குவது?

அது பதிவெண் பற்றிய விதி. வரிக்கு வேறு சட்டம். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 57-ஆம் இனமாக வாகன வரி மாநிலங்களிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதன்படி இயற்றப்பட்டதுதான் 1974-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டம். இங்கே பதிவான வண்டிக்கு மட்டும் வரி என்று அது சொல்லவில்லை. மாநிலத்துக்குள் பயன்படுத்தப்படும் அல்லது பயன்பாட்டுக்காக வைத்திருக்கப்படும் வண்டிக்கு வரி என்கிறது. பலகையில் பி.ஒய். என்று எழுதியிருப்பதால் தமிழ்நாட்டு வரிக்கு ஓராண்டு விடுமுறை கிடைத்துவிடாது. வரி கட்டாத வண்டியைத் தடுத்து வைக்கவும், நிலுவையை நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கவும் அதிகாரம் உண்டு.

பெட்ரோல் ரசீது பற்றி ஒரு சொல். கையில் ஒரு ரசீது நோட்டையே வைத்துக்கொண்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது செல்லுபடியான காலம் மலையேறிவிட்டது. 2021 பிப்ரவரியிலிருந்து சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயம். உங்கள் வண்டி எந்தத் தேதியில் எந்தச் சாவடியை எத்தனை முறை கடந்தது என்பது கணினியில் கிடக்கிறது. பதிவு, வரி, காப்பீடு ஆகியவை எல்லாம் மத்திய அரசின் வாகன் தரவுத்தளத்தில் ஏறக்குறைய நாடு முழுவதற்கும் ஒன்றாக இருக்கின்றன. சாலையில் நிற்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் கைக்கருவியில் எண்ணைத் தட்டினால் போதும். நீங்கள் சட்டைப்பையைத் தடவ வேண்டிய அவசியமே இருக்காது.

கடைசியாக, பிடிபட்டால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். பொய்யான ஆவணத்தைக் காட்டிப் பெற்ற பதிவை ரத்து செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு இடம் தருகிறது. 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 192பி என்ற பிரிவு இன்னும் கடுமையானது. முக்கியமான ஒரு விவரத்தில் பொய் சொல்லிப் பதிவுச் சான்று பெற்ற உரிமையாளருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை, அதோடு ஆண்டு வரியைப் போல் பத்து மடங்கு அல்லது ஆயுள் வரியில் மூன்றில் இரண்டு பங்கு, இவற்றில் எது அதிகமோ அந்த அபராதம் என்று அதில் எழுதியிருக்கிறது. உங்கள் வண்டிக்கு மூன்றில் இரண்டு பங்கு என்பது 1,36,800. இது கட்ட வேண்டிய வரிக்குப் பதிலாக அன்று, அதற்கு மேல். வாடகை ஒப்பந்தமே பொய் என்றால் மோசடி, போலி ஆவணம் ஆகிய குற்றங்களும் தனியாக வரும். அப்போது கையெழுத்துப் போட்ட சித்தப்பாவும் உங்களோடு நிற்க வேண்டியிருக்கும். கேரளத்தில் 2017-இல் புதுச்சேரிப் பதிவெண்ணோடு ஓடிய சொகுசுக் கார்கள்மேல் நடவடிக்கை எடுத்தபோது, முகவரிகள் உண்மையா என்பதைத்தான் முதலில் தோண்டினார்கள்.

எல்லோரும் பிடிபடுகிறார்களா என்றால், இல்லை. அதை நான் மறுத்தால் நீங்களே சிரிப்பீர்கள்.

வெட்டாற்றங்கரை எழுதியது:

ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் செய்து பார்த்தவன். ஆகவே அனுபவத்தைச் சொல்கிறேன்.

நான் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய காரை, இதே முறையில், காரைக்காலில் வாடகைக்குக் குடியிருந்த ஒரு நண்பரின் முகவரியில் பதிவு செய்தேன். முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை. ஊரில் பி.ஒய். எண் வண்டி என்றால் ஒரு தனி மதிப்புகூட இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா தெரியவில்லை. மூன்றாம் ஆண்டில் நீடாமங்கலம் அருகே என் வண்டி ஒரு ஸ்கூட்டர்மேல் உரசி, ஓட்டியவருக்குக் கால் எலும்பு முறிந்தது. மருத்துவச் செலவில் ஒரு பகுதியை நானே கொடுத்தேன். பேசி முடித்துவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு அவர் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுத் தாக்கல் செய்திருக்கிறார், அது அவருடைய உரிமை. அழைப்பாணை ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், உள்ள முகவரிக்குத்தானே போகும்? நண்பர் அந்த வீட்டைக் காலி செய்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. வீட்டுக்காரம்மா, அப்படி ஒருவர் இங்கே இருந்ததே இல்லை என்று தபால்காரரிடம் உண்மையைச் சொல்லி அனுப்பிவிட்டார். செய்தித்தாளில் அறிவிப்புப் போட்டு, நான் வராமலே விசாரணை முடிந்து, என்னை ஒருதலையாக வைத்து உத்தரவும் ஆகிவிட்டது. காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் பாலிசியில் இருந்த கைபேசி எண்ணில் அழைத்து, “நீங்கள் உண்மையில் எந்த ஊர் சார்?” என்று கேட்ட அன்றுதான் எனக்கு எல்லாம் தெரியவந்தது. அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. எந்த ஊரைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்கான கோரிக்கையும் இழுத்தடித்தது. பணிமனை மன்னார்குடியில், உரிமையாளர் காரைக்காலில், விபத்து நீடாமங்கலத்தில் என்று சேதத்தை மதிப்பிட வந்த காப்பீட்டுச் சர்வேயர் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். வெளிமாநில எண் என்பதாலேயே காப்பீடு செல்லாமல் போய்விடாது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் முன்மொழிவுப் படிவத்தில் பொய்யான முகவரி கொடுத்தவன், கோரிக்கை வைக்கும் நாளில் ஒவ்வொரு வார்த்தையையும் எண்ணித்தான் பேச வேண்டியிருக்கிறது.

பதிவு விஷயத்தில் உச்ச நீதிமன்றம் எவ்வளவு கண்டிப்பு என்பதற்கு 2021 தீர்ப்பு ஒன்றை என் வழக்கறிஞர் காட்டினார். பஞ்சாபில் வாங்கிய வண்டியின் தற்காலிகப் பதிவு முடிந்த பிறகும் நிரந்தரப் பதிவு செய்யாமல் வைத்திருந்தார் ஒருவர். ஜோத்பூரில் வண்டி திருட்டுப் போனது. காப்பீட்டு நிறுவனம் பணம் தரத் தேவையில்லை என்று தீர்ப்பானது. பதிவுக்கும் திருட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நமக்குத் தோன்றும். பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் பயன்படுத்தியதே ஒப்பந்தத்தின் அடிப்படையை மீறியது என்பது நீதிமன்றத்தின் பார்வை. என்னுடையது அந்த வகை அன்று. ஆனாலும் என் பதிவு ரத்தாகியிருந்தால் நானும் அவர் நின்ற இடத்தில்தான் நின்றிருப்பேன்.

கடைசியில் வண்டியைத் தமிழ்நாட்டுக்கே மாற்றினேன். கடன் கொடுத்த வங்கியின் ஒப்புதல், படிவம் 28-இல் தடையின்மைச் சான்று, காவல்துறையிடம் நிலுவை வழக்கு இல்லை என்ற சான்று, பிறகு இங்கே படிவம் 27, வண்டியின் வயதுக்கேற்பக் குறைத்துக் கணக்கிட்ட ஆயுள் வரி என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். ஒரு கையெழுத்துக்காகக் காரைக்காலுக்கு நான்கு முறை போனேன். ஒவ்வொரு முறையும் அங்கே பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தேன் என்பது வேறு. மிச்சம் பிடித்ததாக நினைத்த பணத்தில், வழக்கறிஞருக்கும் இடைத்தரகருக்கும் இரண்டாவது வரிக்கும் போக, சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நிற்கவில்லை.

கொரடாச்சேரி லாரி எழுதியது:

கார் வைத்திருப்பவர்கள் ஒருமுறை கட்டும் வரியைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள். நாங்கள் காலாண்டுக்கு ஒருமுறை கட்டுகிறோம். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி என்று மாதம் பிறந்தாலே வரி, பிறகு எஃப்.சி. என்ற தகுதிச் சான்று, பிறகு பெர்மிட், பிறகு காப்பீடு. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் தேதி நிற்பதில்லை. சம்பா அறுவடை முடிந்து கொள்முதல் நிலையங்களிலிருந்து நெல் மூட்டை ஏற்றும் இரண்டு மூன்று மாதம்தான் எங்களுக்கு விளைச்சல் காலம். மற்ற நாட்களில் வண்டி புளியமரத்தடியில் நிற்கும்போதும் வரி ஓடிக்கொண்டிருக்கும்.

வரி ஏய்ப்பின் விலை என்ன என்று கேட்டால், அதை அரசு மட்டும் கொடுப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அதைக் கொடுப்பவன் ஒழுங்காக வரி கட்டுகிறவன். விவசாயப் பயன்பாட்டுக்கென்று வரிச் சலுகையோடு பதிவான டிராக்டர், டிரெய்லரில் செங்கல், எம்-சாண்ட், ஜல்லி என்று ஆண்டு முழுவதும் வாடகைக்கு ஓடுகிறது. அவனுக்குக் காலாண்டு வரி இல்லை, பெர்மிட் இல்லை. நான் ஒரு நடைக்குக் கேட்கும் தொகையிலிருந்து அவன் ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கேட்டாலும் அவனுக்கு லாபம், எனக்கு நட்டம். வீடு கட்டுகிறவரிடம் போய், “அவன் வரி கட்டவில்லை, ஆகவே எனக்கு ஐந்நூறு சேர்த்துக் கொடுங்கள்” என்று கேட்க முடியுமா?

உழவுக்கும் தன் வயல் நெல்லை ஏற்றவும் டிராக்டர் வைத்திருக்கும் விவசாயியை நான் குறை சொல்லவில்லை, அவருக்காகத்தான் சலுகை. அதன் நிழலில் வாடகைத் தொழில் செய்கிறவர்களுக்கும் ஒருநாள் கணக்கு வருகிறது. எங்கள் ஊரில் செங்கல் ஏற்றிய டிராக்டர் மோதி ஒருவர் இறந்தபோது, விவசாயத்துக்கென்று எடுத்த பாலிசியில் வாடகை ஓட்டத்துக்கு இடமில்லை என்று காப்பீட்டுத் தரப்பு வாதாடியது. இறந்தவர் குடும்பத்துக்கு முதலில் நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று உத்தரவானது. அதை அடைக்க அவர் ஒரு மா, அதாவது ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, நிலத்தை விற்றார். பல ஆண்டுகளாக ஏய்த்த வரி எல்லாம் சேர்ந்தாலும் அந்த நிலத்தின் விலைக்கு வந்திருக்காது.

ஆம்னி பேருந்துகளிலும் இதே கதைதான். நாகாலாந்துக்கு ஒருமுறைகூடப் போகாத பேருந்துகள் நாகாலாந்து எண்ணோடு சென்னைக்கும் நம் ஊர்களுக்கும் ஓடிக்கொண்டிருந்தன. சுற்றுலா பெர்மிட்டை வைத்துக்கொண்டு மாநிலத்துக்குள்ளேயே வழித்தடப் பேருந்துபோல ஓட்டக் கூடாது என்று 2024 ஜூனில் தமிழ்நாட்டில் தடுத்தபோது, முன்பதிவு செய்திருந்த பயணிகள்தாம் பெட்டியோடு நின்றார்கள்.

சாலையைப் பற்றிய உங்கள் ஆதங்கம் நியாயம். ஆனால் அந்த வாய்க்கால் கரையில் தாரைப் பெயர்த்தது யார்? கேஜ் வீலைக் கழற்றி டிரெய்லரில் போட்டுக்கொண்டு போகச் சோம்பல்படுகிறவர்கள்தாமே.

நிரவி எழுதியது:

காரைக்காலில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் எனக்கும் இதில் ஒரு வருத்தம் உண்டு. எங்கள் எண் பலகையைப் பார்த்தாலே, தமிழ்நாட்டில் சோதனைக்கு நிறுத்துபவர் முதல் பக்கத்து வண்டிக்காரர் வரை, “வரியை ஏய்க்க வாங்கிய எண்ணா?” என்ற பார்வையோடு பார்க்கிறார்கள். நாகூருக்குச் சந்தனக்கூட்டுக்குப் போனாலும், கும்பகோணத்துக்குத் துணி எடுக்கப் போனாலும், நாங்கள் மாநில எல்லையைக் கடக்கத்தான் வேண்டும். எங்களைச் சுற்றி மூன்று பக்கமும் நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்கள், நான்காவது பக்கம் கடல். எல்லையைக் கடக்காமல் நாங்கள் எங்கே போவது? ஆர்.சி.யும் ஆதாரும் ஒரே முகவரியில் இருப்பதைக் காட்டி ஒவ்வொரு முறையும் எங்களை நாங்களே நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

உண்மையாகவே இங்கே வந்து வேலை பார்க்கும் வெளியூர்க்காரர்களும் உண்டு. ஜிப்மரிலும், தேசிய தொழில்நுட்பக் கழகத்திலும், துறைமுகத்திலும், எண்ணெய் நிறுவனத்திலும் வேலை செய்து, இங்கேயே வீடு எடுத்துத் தங்குகிறவர் தஞ்சாவூர்க்காரராக இருந்தாலும் இங்கே பதிவு செய்வது முழுக்க முறையானது. சனி ஞாயிறு சொந்த ஊருக்கு ஓட்டிப்போவதில் தவறு எதுவும் இல்லை. மாற்றலாகிப் போகும்போது முகவரி மாறியதை முப்பது நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

பெட்ரோலை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். நாகூரிலிருந்து காரைக்கால் பக்கத்து வாஞ்சூருக்கு வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு திரும்புகிறவர் விற்கிற இடத்தில் விற்கிற விலைக்கு வாங்குகிறார். யாரிடமும் எந்தப் பொய்யும் சொல்வதில்லை. பொய்யான குடியிருப்பைக் காட்டுவது வேறு. சித்தப்பாவிடம் இடைத்தரகர் எந்தத் தாளில் கையெழுத்துக் கேட்கிறார் என்பதை முடிகொண்டான் அவர்கள் ஒருமுறை வாங்கிப் படித்துப் பார்க்கட்டும். என் தாய்மாமன் இப்படி ஒருவருக்கு முகவரி கொடுத்தார். இன்றுவரை வேறு யாரோ வேகமாக ஓட்டியதற்கான அபராதச் சீட்டுகள் மாமாவின் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கின்றன. மாமி அவற்றை மளிகைக் கணக்கு நோட்டுக்குள் செருகி வைத்திருக்கிறார்.

பழைய கோப்பு எழுதியது:

சாலை சரியில்லாததால் வரி கட்ட மனமில்லை என்ற பேச்சை எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். ஆறுதலாக இருக்குமா என்பது வேறு கேள்வி. சுங்கச்சாவடியில் கொடுப்பது கட்டணம். அந்தச் சாலைக்கும் அந்தப் பணத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. வாகன வரி அப்படி அன்று. அது மாநிலத்தின் தொகுப்பு நிதியில் சேர்ந்து, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சம்பளத்துக்கும் சாலைக்கும் சட்டமன்றம் ஒதுக்குகிறபடி போகிறது. இப்படிப்பட்ட வரிகளைச் சாலை போன்ற வசதிகளுக்கு ஈடான வரி என்று பார்க்கும் பழைய கோட்பாட்டை, நுழைவு வரி வழக்கொன்றில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2016-இல் ஏற்க மறுத்துவிட்டது. தேசிய நெடுஞ்சாலைக்கு நீங்கள் பெட்ரோல் வாங்கும்போதே மத்திய செஸ் என்ற கூடுதல் தீர்வையைக் கட்டிவிடுகிறீர்கள். உங்கள் ஊர்க் கரைச் சாலையோ பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பாகவோ பாசனக் கரையாகவோ இருக்கும். ஆகவே அந்தக் குழிக்கான மனுவை ஒன்றிய அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அந்தக் கோபத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வரிக் கவுன்ட்டரில் காட்டுவதால் பயனில்லை.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒரே காற்றை மூச்சு விட்டுக்கொண்டு, ஒரே ஆற்றுப் பாசனத்தில் பயிர் செய்துகொண்டு, ஒரு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் ஒரு வரி என்று இருந்தால் மனிதர்கள் வாய்க்காலைத் தாண்டத்தான் பார்ப்பார்கள். 10 லட்சத்தில் 13-லிருந்து 18-க்குத் தாவும் அந்தப் படியும் சரியில்லை என்பதே என் எண்ணம். எல்லைக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்று வைத்திருந்தால் பாதிப் பேர் புலம்பியிருக்க மாட்டார்கள். மத்திய அரசு ஊழியர்கள், ராணுவத்தினர், நான்கு மாநிலங்களுக்குக் குறையாமல் அலுவலகம் உள்ள தனியார் நிறுவனங்களின் பணியாளர்கள் போன்றோருக்கு 2021-இல் பி.எச். வரிசை எண் வந்தது. அதில் இரண்டாண்டுக்கு ஒருமுறை வரி கட்டிக்கொண்டு எந்த மாநிலத்திலும் ஓட்டலாம். முடிகொண்டான் தம்பி விவசாயக் குடும்பம் என்று தெரிகிறது. அந்த வாசல் உங்களுக்குத் திறக்காது.

முடிகொண்டான் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நிரவி அண்ணன் சொன்னபடி அந்த ஒப்பந்தத்தை வாங்கிப் படித்துப் பார்த்தேன். கடந்த ஆகஸ்ட் மாதத்திலிருந்து நான் குடும்பத்தோடு திருநள்ளாற்று வீட்டு மாடியில் வசிப்பதாகவும், மாத வாடகை கொடுத்துவருவதாகவும் அதில் தட்டச்சு செய்திருந்தது. அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது, ஓட்டு வீடு. சித்தப்பாவிடம் கைபேசியில் வாசித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மாப்பிள்ளை கேட்டால் போட்டுத்தான் கொடுப்பேன், ஆனால் ஓய்வூதியக்காரன் நான்” என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பழைய கோப்பு ஐயா சொன்ன கணக்கை அப்பாவும் நானும் திண்ணையில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். அதே வண்டியின் கீழ்வகை மாடல் 9 லட்சத்து 85 ஆயிரம். அதற்கு 13 சதவீத வரி 1,28,050. வரியில் மட்டும் 77,150 குறைகிறது. விலையில் குறையும் ஒன்றரை லட்சம் தனி. மேற்கூரைக் கண்ணாடியும் பெரிய திரையும் இல்லை. அப்பாவுக்கு ஏறி இறங்க வசதியான இருக்கையும் பின்பக்கக் குளிர்காற்றும் இருக்கின்றன. நம் பெயரில், நம் ஊர் முகவரியில், திருவாரூரிலேயே பதிவு செய்துகொள்வது என்று முடிவாகிவிட்டது. இதற்கு மேல் நான் கவனிக்க வேண்டியது ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள்.

பழைய கோப்பு எழுதியது:

முன்பணம் கட்டும் முன், பில்லில் வரப்போகும் முழு விலை எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விற்பனைப் பையன் சீட் கவர், மேட், பின்பக்கக் கேமரா என்று எதையாவது வண்டியின் விலையோடு ஒன்றாகச் சேர்த்து 10 லட்சத்தைத் தாண்ட விட்டுவிடப் போகிறான். தேவையானதை வண்டி வீட்டுக்கு வந்த பிறகு தனி பில்லில் வெளியே போட்டுக்கொள்ளலாம். தற்காலிகப் பதிவோடு வண்டியைக் கொடுத்தால், அது முடியும் தேதியைச் சமையலறை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். ஆதாரில் பழைய கதவிலக்கம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துகொண்டு போங்கள். இந்த மாதம் முழுவதும் அதற்காக வந்து திரும்பியவர்களைத்தான் பார்த்தேன் என்று எனக்குப் பின் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் அம்மா நேற்றுகூடச் சொன்னார்.